மக்கர் பண்ணாத துப்பாக்கி

1,22,360 ரூபாய். 2014 ஜனவரியில் இந்தியப் பெண்ணின் பாதுகாப்புக்கு இந்திய அரசின் தொழிற்சாலை ஒட்டிய விலைச்சீட்டு இது. டெல்லியில் ஓடும் பேருந்தில் ஒரு பெண்ணைச் சிதைத்து முழுதாகப் பதினான்கு மாதம்கூட ஆகவில்லை. அவளுக்குப் பத்திரிகைகள் வைத்த நிர்பயா என்ற பெயரைக் கொஞ்சம் தட்டி நெளித்து ‘நிர்பீக்’ ஆக்கி, ஒரு 0.32 ரிவால்வரின் தலையில் கட்டியது கான்பூர் ஃபீல்டு கன் தொழிற்சாலை. டைட்டானியம் கலந்த உலோகம், அரைக் கிலோ எடை, ஆறு தோட்டா, கைப்பைக்குள் அடங்கும் அளவு. வைத்துக் கொடுக்க மெரூன் நிறத்தில் நகைப்பெட்டி. துப்பாக்கிக்கு எதற்கய்யா நகைப்பெட்டி என்று கேட்டதற்கு, இந்தியப் பெண்களுக்கு நகை என்றால் பிரியமாயிற்றே என்ற தோரணையில் தொழிற்சாலையின் பொது மேலாளர் விளக்கம் சொன்னார். தாம்பாளமும் வெற்றிலை பாக்கும் மட்டும்தான் பாக்கி.

அதற்கு முந்தைய ஆண்டு பட்ஜெட்டில், நம் சிவகங்கைச் சீமைக்காரர் ப. சிதம்பரம் நிதியமைச்சராக எழுந்து நின்று 1,000 கோடி ரூபாயில் நிர்பயா நிதி என்று அறிவித்திருந்தார். மேசையைத் தட்டினார்கள். முதல் சில வருஷம் அந்தப் பணத்தில் பெரும்பகுதி செலவழிக்க ஆளில்லாமல் கிடந்தது. தெருவிளக்குப் போடவும் பேருந்து விடவும் பணம் படுத்துக் கிடக்க, அவள் பெயரில் ரிவால்வர் மட்டும் சுறுசுறுப்பாகக் கடைக்கு வந்துவிட்டது. அரசாங்கம் பெண்களைக் காக்கத் தவறியதற்கு மன்னிப்புக் கேட்டதாக நினைவில்லை. பில் கொடுத்ததுதான் நினைவிருக்கிறது.

இந்தப் பெட்டியை எங்கள் தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கில் யார் கையில் கொடுக்கலாம் என்று பார்ப்போம்.

விடிவதற்கு முன்னால் போடி, தேவாரம், கோம்பை, கம்பம், கூடலூர் எந்த ஊர் முக்கில் வேண்டுமானாலும் போய் நில்லுங்கள். சேலைக்கு மேலே ஆம்பளை முழுக்கைச் சட்டை, தலையில் இறுக்கிக் கட்டிய துண்டு, கையில் தூக்குவாளி, மடித்து இடுக்கிய பிளாஸ்டிக் விரிப்பு. இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குக் காய் எடுக்கப் போகிற பெண்கள். ஜீப் வரும். பத்துப் பேர் ஏற வேண்டிய வண்டியில் அதைப்போல இரண்டு மடங்கு ஏற்றுவார்கள். மடியில் ஒருத்தி, பின்கம்பியில் ஒருத்தி. போடிமெட்டோ கம்பம்மெட்டோ குமுளியோ, கொண்டை ஊசி வளைவுக்கு வளைவு ஒருத்தி மேல் ஒருத்தி சாய்ந்தபடி மேலே போய், அதேபோல இருட்டும் நேரத்துக்கு இறங்குவார்கள். நாள் கூலி 500 என்றே வைத்துக்கொள்வோம். சோறு தின்னாமல், பிள்ளைக்கு நோட்டு வாங்காமல், குழுக்கடன் கட்டாமல் 245 நாள் காய் எடுத்தால் நகைப்பெட்டி கைக்கு வரும். தோட்டா தனிக்காசு.

சரி, எப்படியோ பணம் சேர்த்துவிட்டாள். லைசென்ஸ் வேண்டுமே. கலெக்டர் ஆபீஸ் படியேறுகிறாள். கற்பனைதான், ஆனால் அந்த வராண்டாவில் ஒருமுறை காத்துக் கிடந்தவர்கள் இதைக் கற்பனை என்று சொல்ல மாட்டார்கள்.

“எதுக்கும்மா துப்பாக்கி?”

“பாதுகாப்புக்கு சார்.”

“யாருகிட்ட இருந்து? பேர் சொல்லணும். சும்மா பொதுவாப் பாதுகாப்புன்னா எழுத முடியாது. மிரட்டல் இருக்கா? இருந்தா எஃப்.ஐ.ஆர். நகல் வை.”

“எஃப்.ஐ.ஆர். போட மாட்டேங்கிறாங்கன்னுதான் சார் துப்பாக்கி கேக்குறேன்.”

பிறகு தாசில்தார் அறிக்கை, போலீஸ் அறிக்கை, மலையடிவாரம் என்றால் வனத்துறையின் கருத்து. 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி பயிற்சிச் சான்றிதழ். துப்பாக்கியைப் பத்திரமாகப் பூட்டி வைப்பேன் என்று உறுதிமொழி. அவள் வீட்டுத் தகரக் கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் கிடையாது, கயிறுதான். அந்த வீட்டில் பூட்டி வைக்கத் தகுந்த பொருள் என்று ஒன்று இதுவரை இருந்ததில்லை. இத்தனையும் தாண்டி லைசென்ஸ் கிடைத்தால் தேர்தல் வரும். தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்லி அறிவிப்பு வரும். ஊரெல்லாம் வெறியும் குடியும் கும்பலுமாகத் திரிகிற அந்த ஒரு மாதம், அவளுடைய தைரியம் ஸ்டேஷன் அலமாரியில் சீட்டு ஒட்டிப் படுத்திருக்கும்.

விண்ணப்பத்தில் இன்னொரு காரணமும் உண்டு, பயிர்ப் பாதுகாப்பு. இதை நம்பி யாரும் போய்விட வேண்டாம். காட்டுப்பன்றி வெள்ளாமையை உழுதுவிட்டுப் போகிறதென்று தமிழ்நாடே கதறிய பிறகு, 2025 ஜனவரியில் அரசு ஒரு வழி கண்டது. காப்புக்காட்டு எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றி வந்தால் ஒன்றும் செய்யக் கூடாது. ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டருக்குள் வந்தால் கூண்டு வைத்துப் பிடித்துத் திரும்பக் காட்டில் விட வேண்டும். மூன்றைத் தாண்டினால் சுடலாம். அதுவும் வனத்துறை ஆள் வந்து சுட வேண்டும். பன்றி டேப் பிடித்து அளந்து மூன்றாவது கிலோமீட்டர் கல்லைத் தாண்டி வந்து, வனத்துறை ஜீப் வருகிறவரை கடலைச் செடியைத் தின்றபடி காத்திருக்கும் என்பது அரசின் நம்பிக்கை. ஒரு பக்கம் மேகமலை, மறுபக்கம் கேரள எல்லை மலை, நடுவில் குறுகிப்போய்க் கிடக்கிற கூடலூர், லோயர் கேம்ப் பக்கம் தோட்டம் வைத்திருக்கிறவனுக்கு இந்த மூன்று கிலோமீட்டர் எங்கே தொடங்கி எங்கே முடியும் என்று யாராவது வந்து காட்டினால் புண்ணியமாய்ப் போகும்.

ஆக, ரிவால்வர் வாங்கக் கூடியவர் யார் என்பது உங்களுக்கே தெரியும். தோட்டம் துரவு உள்ளவர், கட்சியில் பொறுப்பு உள்ளவர், வெள்ளை வேட்டிக்கு மேலே இடுப்பில் ஒரு புடைப்புத் தெரிந்தால் மரியாதை கூடும் என்று நம்புகிறவர். அவருக்கும் ஒரு சோகம் உண்டு. 1980களில் தனியார் துப்பாக்கி இறக்குமதியை அடைத்துவிட்டார்கள். அதனால் தாத்தா காலத்துச் சீமைத் துப்பாக்கி லட்சக்கணக்கில் கைமாறுகிறது. சுங்கத்துறை பறிமுதல் செய்த வெளிநாட்டுத் துப்பாக்கிகளை எம்.பி.க்களுக்குச் சகாய விலையில் விற்கிற வழக்கமும் இந்தத் திருநாட்டில் இருந்தது. நாட்டுக்குச் சட்டம் செய்கிறவர்களுக்கே உள்ளூர்ச் சரக்கின் மேல் அவ்வளவு நம்பிக்கை! எம்.பி. ஆகாத பாவத்துக்கு மற்றவர்கள் அரசாங்கச் சரக்கை வாங்கி, எண்ணெய் போட்டு, துணியால் துடைத்து, ஆயுத பூஜைக்குப் பொட்டு வைத்துத் திரும்பப் பெட்டியில் வைக்கிறார்கள். சுடாதவரை எல்லாத் துப்பாக்கியும் நல்ல துப்பாக்கிதான்.

சுட்டால் என்ன ஆகும்? ரிவால்வரில் உருளை ஒன்று, அதில் ஆறு அறை. விசையை இழுத்தால் உருளை சுழலும், சுத்தி வந்து தோட்டாவின் பின்புறத்தில் இருக்கிற சின்னக் கேப்பில் அடிக்கும். கேப்பு சரியாக இருந்தால் வெடிக்கும். நமத்துப்போன தீபாவளிக் கேப்பைப் போல அது ‘டிக்’ என்று மட்டும் சொல்லி நின்றுவிட்டால், மறுபடி இழுக்க வேண்டும், அடுத்த அறை வரும். பிஸ்டல் கதை வேறு. சுட்ட தோட்டாவின் காலிக்கூடு வெளியே தெறித்து விழ வேண்டும். சில நேரம் தெறிக்காமல் வாசலிலேயே குத்துக்கல்லாக நின்றுகொள்ளும். மேல்பாகம் மூடாது, அடுத்த தோட்டா ஏறாது. மேல்பாகத்தைப் பின்னால் இழுத்து, உதறி, கூட்டைக் கீழே விழவைத்து, மறுபடி விட வேண்டும். இதையெல்லாம் விடிவிளக்கு வெளிச்சத்தில், கை நடுங்க, எதிரே ஆள் நிற்கும்போது செய்ய வேண்டும். இன்னொரு பாடமும் உண்டு. விசை இழுத்தும் வெடிக்காத தோட்டா கொஞ்சம் பிந்தி வெடிக்கக் கூடும். ஆகவே துப்பாக்கியை ஆபத்தில்லாத பக்கம் திருப்பி முப்பது விநாடி அசையாமல் பிடித்திருக்க வேண்டும் என்று பயிற்சியில் சொல்லித் தருவார்கள். எதிரே அரிவாளோடு நிற்பவரிடம், “அண்ணே, ஒரு முப்பது விநாடி பொறுங்க, கம்பெனி விதி” என்று சொல்லிவிட்டுக் காத்திருக்கலாம்.

நான் மிகைப்படுத்துகிறேன் என்று நினைத்தால் 2018 அக்டோபரில் உத்தரப் பிரதேசத்தின் சம்பல் மாவட்டத்துக்குப் போய் வாருங்கள். கரும்புக்காட்டுப் பக்கம் குற்றவாளிகளைச் சுற்றி வளைத்தது போலீஸ். உதவி ஆய்வாளர் ஒருவரின் துப்பாக்கி மக்கர் பண்ணிவிட்டது. மனிதர் அசரவில்லை. வாயாலேயே ‘டாய்ங், டாய்ங்’ என்று கத்திக்கொண்டு முன்னேறினார். நம்மூராக இருந்தால் ‘டுமீல்’ என்றிருப்பார். காணொளி நாடெங்கும் ஓடியது. குற்றவாளிகளை மிரட்டத்தான் அப்படிச் செய்தார் என்றது மேலிடம். அந்த உதவி ஆய்வாளரைப் பார்த்து நான் சிரிக்க மாட்டேன். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்ற இடத்தில் அரசு கொடுத்த இரும்பு கைவிட்டது, ஆத்தா அப்பன் கொடுத்த தொண்டை கைவிடவில்லை.

அடுத்த ஆண்டு ஆகஸ்டில் பீகாரின் சுபால் மாவட்டத்தில் முன்னாள் முதல்வர் ஜெகந்நாத் மிஸ்ராவுக்கு அரசு மரியாதையோடு இறுதிச் சடங்கு. முதல்வர் நிதிஷ் குமார் நிற்கிறார். 22 போலீஸ்காரர்கள் வானத்தை நோக்கித் துப்பாக்கியைத் தூக்குகிறார்கள். விசையை இழுக்கிறார்கள். ஒன்றுகூட வெடிக்கவில்லை. இருபத்திரண்டில் ஒன்றுகூட இல்லை! செத்தவருக்குக் கிடைத்தது உண்மையான மௌன அஞ்சலி. 2022 டிசம்பரில் மறுபடி உத்தரப் பிரதேசம், கலீலாபாத் காவல் நிலையம். சோதனைக்கு வந்த உயரதிகாரி குண்டு போட்டுக் காட்டு என்றார். உதவி ஆய்வாளர் குழல் வாய் வழியாகத் தோட்டாவைப் போட்டார். நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய துப்பாக்கியாக இருந்திருந்தால் அதுதான் சரியான முறை.

வடக்கத்தியான் கதை என்று நாம் சிரித்துக்கொள்ள வேண்டாம். இன்சாஸ் துப்பாக்கி நம் திருச்சியிலும் செய்ததுதான். கார்கிலின் குளிரில் அதன் தோட்டா அடைக்கும் மேகசின் விரிசல் விட்டது என்று 1999இலேயே சிப்பாய்கள் புலம்பினார்கள். 2005 ஆகஸ்டில் நேபாளத்தின் காலிகோட் மாவட்டத்தில் மாவோயிஸ்டுகள் முகாமைத் தாக்கி நாற்பதுக்கும் மேற்பட்ட சிப்பாய்களைக் கொன்றபோது, இந்தியா கொடுத்த இன்சாஸ் சண்டை நடுவே சூடேறி மக்கர் பண்ணியது என்று அந்த நாட்டு ராணுவம் வெளிப்படையாகவே குற்றம் சாட்டியது. நாம் என்ன சொன்னோம்? துப்பாக்கி சரியாகத்தான் இருக்கிறது, பராமரிப்பும் பழக்கமும் போதாது என்றோம். செத்தவன் எண்ணெய் போடவில்லையாம். தோட்டா கதை இன்னும் மோசம். 2014 முதல் 2020 வரை தரமில்லாத வெடிபொருளால் 960 கோடி ரூபாய் வீணாயிற்று, அந்தப் பணத்துக்கு 100 நடுத்தர பீரங்கி வாங்கியிருக்கலாம் என்று ராணுவத்தின் உள் அறிக்கையே கணக்குப் போட்டது. பத்திரிகைகளில் வந்தது. படித்தோம், மடித்தோம், பஜ்ஜி மடித்துக் கொடுத்தோம். 2021 அக்டோபரில் இதையெல்லாம் செய்த அரசுத் தொழிற்சாலைகளை ஏழு கம்பெனிகளாகப் பிரித்துப் புதுப் பெயர்ப்பலகை மாட்டினார்கள்.

துட்டு கொட்டினால் நல்ல துப்பாக்கி கிடைக்கும் என்கிறவர்களுக்கு அமெரிக்கா இருக்கிறது. 2017இல் அந்த நாட்டு ராணுவம் 58 கோடி டாலர் வரையிலான ஒப்பந்தத்தில் சிக் சவர் பி320 வகைப் பிஸ்டலைத் தேர்ந்தெடுத்தது. அதே ஆண்டே, கீழே விழுந்தால் வெடிக்கிறது என்று பிரச்சினை கிளம்பி, வாங்கினவர்களுக்கு உள்பாகத்தை மாற்றித் தர கம்பெனி முன்வந்தது. அதற்குப் பிறகும், உறையில் இருக்கும்போதே விசையைத் தொடாமல் சுட்டுவிட்டது என்று காயம்பட்டவர்கள் வழக்கு மேல் வழக்கு. 2024இல் ஜார்ஜியாவில் ஒருவருக்கு 23.5 லட்சம் டாலர், பிலடெல்பியாவில் ஒருவருக்கு 1.1 கோடி டாலர் கொடுக்கச் சொன்னார்கள் ஜூரிகள். விசையை இழுக்காமல் அது சுடவே சுடாது என்று கம்பெனி இன்றைக்கும் சாதிக்கிறது. இழுத்தாலும் சுடாதது நம்முடையது, இழுக்காமலே சுட்டதாக வழக்கு வாங்கியது அவர்களுடையது. இரண்டையும் சேர்த்துப் பிசைந்தால் ஒரு நல்ல துப்பாக்கி தேறும்.

இவ்வளவு நேரம் மக்கர் பண்ணிய கதை. ஒருபோதும் மக்கர் பண்ணாத துப்பாக்கிகளும் இருக்கின்றன.

1920 ஏப்ரல் 3, உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூர். குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ் கைரேகை வைக்க மாட்டோம் என்று மறித்து நின்றார்கள் பிரமலைக் கள்ளர்கள். வெள்ளைக்காரன் துப்பாக்கி திக்கவில்லை, நமக்கவில்லை. பதினாறு பேர் விழுந்தார்கள், ஒரு பெண் உட்பட. ரேகைச் சட்டம் என்றால் எங்கள் பக்கத்துக் கிழவிகளுக்கு இப்போதும் முகம் மாறும்.

2018 மே 22, தூத்துக்குடி. ஸ்டெர்லைட்டை மூடு என்று கலெக்டர் ஆபீசுக்கு நடந்துபோன சனத்தின் மேல் சுட்டார்கள். மறுநாளையும் சேர்த்துப் பதின்மூன்று உயிர். சுடுவதற்கான காரணமே அங்கே இல்லை, பூங்காவுக்குள் மறைந்து நின்றபடி ஓடுகிறவர்களைச் சுட்டார்கள் என்றது நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம். ஒரே காவலர் வெவ்வேறு இடங்களில் மொத்தம் 17 ரவுண்டு சுட்டிருக்கிறார். பதினேழும் வெடித்தன. சுபாலில் இருபத்திரண்டு துப்பாக்கியில் வராத வெடி, இங்கே ஒரே ஆள் கையில் பதினேழு முறை வந்திருக்கிறது. பெருங்காமநல்லூருக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே 98 வருஷம், ஒரு சுதந்திரம். துப்பாக்கியின் முகம் மட்டும் திரும்பவில்லை.

2023 அக்டோபர், கூடலூரை ஒட்டிய வண்ணாத்திப்பாறைக் காப்புக்காடு. எங்கள் பள்ளத்தாக்கு விவசாயி ஒருவர் ராத்திரியில் வனத்துறைத் துப்பாக்கிக்குச் செத்தார். மின்கம்பி கட்டி வேட்டையாட வந்தார், பிடிக்கப் போன இடத்தில் கத்தியால் தாக்க வந்தார், தற்காப்புக்குச் சுட்டோம் என்றது வனத்துறை. உறவினர்கள் அதை ஏற்காமல் போராடினார்கள். எது நடந்ததோ, அங்கே இருந்த மரங்களைத்தான் கேட்க வேண்டும். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். பன்றியைச் சுட மூன்று கிலோமீட்டர் அளவுகோல் உண்டு, கூண்டு உண்டு, அரசாணை உண்டு. மனுசனுக்கு அப்படி எந்த அளவுகோலும் யாரும் வரைந்து வைக்கவில்லை.

2025 மார்ச்சில் உசிலம்பட்டியில் ஒரு காவலரை அடித்தே கொன்றார்கள். கொடூரம், அதில் ரெண்டு பேச்சு கிடையாது. அந்த வழக்கில் தேடப்பட்டவர் சில நாளுக்குள் கம்பம் மலைப்பகுதியில் போலீஸ் சுட்டுச் செத்தார். போலீசைத் தாக்க வந்தார், தற்காப்புக்குச் சுட்டோம் என்பது இங்கேயும் சொன்ன காரணம். தமிழ்நாட்டில் பத்திரிகை படிக்கிற எவருக்கும் இந்த வகைச் செய்தி மனப்பாடம். ஆயுதத்தைக் காட்டித் தருகிறேன் என்று கூட்டிப் போவான். ஒளித்து வைத்த கள்ளத்துப்பாக்கியை எடுப்பான். அவன் குண்டு குறி தவறும், அல்லது ஒரு காவலரின் கையை உரசிப் போகும். ஆய்வாளரின் குண்டு மட்டும் போக வேண்டிய இடத்துக்குப் போகும். அவனுடைய துப்பாக்கி ஒருமுறையாவது ஒழுங்காக வேலை செய்ததாகச் செய்தி உண்டா? ஆய்வாளரின் துப்பாக்கி ஒருமுறையாவது மக்கர் பண்ணியதாகச் செய்தி உண்டா? சம்பல் உதவி ஆய்வாளர் பாவம், தப்பான மாநிலத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார்.

எங்கள் மாவட்டத்தில் போலீஸ் துப்பாக்கி மேலே பார்த்த நாளும் உண்டு. 2019 ஏப்ரல் 16, ஆண்டிபட்டி. நாடாளுமன்றத் தேர்தலும் ஆண்டிபட்டி இடைத்தேர்தலும் வர இரண்டே நாள். அ.ம.மு.க.வினரின் இடத்தில் பணம் இருக்கிறதென்று பறக்கும் படையும் வருமான வரித்துறையும் போக, கட்சிக்காரர்கள் மறித்துத் தள்ளுமுள்ளு. போலீஸ் சுட்டது. வானத்தை நோக்கி. ஒருவருக்கும் கீறல் கிடையாது. உள்ளே 1.48 கோடி ரூபாய், வார்டு வாரியாகக் கட்டி, ஓட்டுக்கு 300 என்று எழுதி வைத்த பொட்டலங்கள். வானத்தைப் பார்த்துச் சுட்டது சரிதான், நான் குறை சொல்லவில்லை. தூத்துக்குடியிலும் வானம் இருந்ததே, அதைத்தான் கேட்கிறேன். கையில் கோடி ரூபாய் உள்ள கூட்டத்துக்கு மேலே தெரிந்த வானம், கையில் மனு வைத்திருந்த கூட்டத்துக்கு மேலே எங்கே போயிற்று?

நிர்பீக் யாரைக் காக்க வந்ததென்று சொன்னார்களோ, அவர்களிடமே திரும்பி வருகிறேன். 2011 மே மாதம் சுருளி அருவிப் பக்கம் போன ஓர் இளம் ஜோடியைக் கொன்றார்கள். அந்தப் பெண்ணைக் கெடுத்துக் கொன்றார்கள். நிர்பயாவுக்கு ஒன்றரை வருஷம் முந்தைய சம்பவம். இவளுக்கு யாரும் பெயர் வைக்கவில்லை, ரிவால்வரும் வார்க்கவில்லை. ஒருவரைப் பிடித்தார்கள். 2018இல் தேனி நீதிமன்றம் அவருக்குத் தூக்கு என்றது. 2019இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உறுதி செய்தது. 2025 ஜூலை 15 அன்று உச்சநீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. மரபணுச் சோதனைக்கு எடுத்த மாதிரிகள் எப்போது யார் கையில் இருந்தன, ஏன் அவ்வளவு நாள் கழித்து ஆய்வகத்துக்குப் போயின, இடையில் கலப்படம் ஆகவில்லை என்று எப்படி நம்புவது என்று வரிசையாகக் கேட்டது. அரசுத் தரப்பிடம் பதில் இல்லை. இனிமேலாவது மாதிரியைப் புட்டியில் அடைத்து, சீல் வைத்து, காலத்தோடு அனுப்பி, கைமாறும்போதெல்லாம் பதிவேட்டில் எழுதுங்கள் என்று நாடு முழுமைக்கும் நெறிமுறை வகுத்துக் கொடுத்தது. புட்டியில் சீல் வைப்பதை இந்த நாட்டுப் போலீசுக்கு உச்சநீதிமன்றம் சொல்லித்தர வேண்டியிருக்கிறது.

இதற்கு டைட்டானியம் தேவையில்லை. ஒரு ஐஸ் பெட்டி, ஒரு பேனா, ஒரு நோட்டு, மறுநாள் காலை பஸ் ஏறுகிற ஒரு கான்ஸ்டபிள். ஏழு வருஷம் தூக்குக்கயிற்றின் நிழலில் இருந்தவருக்கு அந்த ஏழு வருஷத்தை யார் திருப்பித் தருவது? பிள்ளைகளைப் பறிகொடுத்த இரண்டு வீட்டுக்கு 14 வருஷம் கழித்து வந்த பதில், ‘தெரியவில்லை’ என்பது.

இடையில் கான்பூர் சும்மா இருக்கவில்லை. 2023 ஆகஸ்டில் ‘பிரபல்’ என்று அடுத்த ரிவால்வரை இறக்கிவிட்டார்கள். அதே 0.32. உருளை பக்கவாட்டில் திறக்கும், தோட்டா போடச் சுலபம். குறிவைத்தால் 50 மீட்டர் எட்டும், பழையவற்றைப்போல இரண்டு மடங்குக்கு மேல் என்கிறார்கள். சுருளியில் கொன்றவன் எத்தனை மீட்டரில் இருக்கிறான் என்று சொல்லிவிட்டால், எங்கள் ஜீப்புக்காரப் பெண்கள் 245 நாள் கூலியைச் சேர்த்து வைக்கத் தயார்.